டெஸ்ட் வையுங்கள், மார்க்கை குரூப்பில் போடாதீர்கள்: எங்கள் பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் பள்ளிக்குழு உறுப்பினர்களுக்கும்,

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று எங்களிடம் கையெழுத்து வாங்கிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தினமும் ஸ்லிப் டெஸ்ட். மதிப்பெண்களை அன்றிரவு எட்டு மணிக்குள் ரேங்க் வரிசைப்படி வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் போட வேண்டும். தப்பாக எழுதிய விடைகளைப் பத்து தடவை இம்போசிஷன். தொடர்ந்து பாதிக்குக் கீழே வாங்குகிறவர்களை ‘சி’ செக்‌ஷனுக்கு மாற்றி, அவர்களுக்கு மினிமம் மெட்டீரியல் மட்டும் நடத்த வேண்டும்.

தலைமையாசிரியரிடம் போய்ப் பேசினேன். “மேலிடத்து முடிவு டீச்சர், என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார். அதனால் மேலிடத்தையே கேட்கிறேன். எல்லோரும் படிக்கும்படி கேட்பதற்கும் காரணம் உண்டு. மற்ற பள்ளிகளில் வேலை பார்க்கும் தோழிகளிடம் பேசினால், இதே சுற்றறிக்கைதான் லெட்டர்பேடு மட்டும் மாறி அங்கேயும் வந்திருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் டெஸ்ட் என்ற உங்கள் முடிவை நான் எதிர்க்கவில்லை. டெஸ்ட் வைத்தே பிள்ளைகளை வதைக்கிறார்கள் என்று பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் நான்கு கட்டளைகளில் முதலாவது மிகச் சரியானது. அடுத்த மூன்றும் சேர்ந்து அந்த ஒன்றைக் கெடுத்துவிட்டன. என் வழக்கு இவ்வளவுதான்.

பி.எட். படிக்கும்போது எங்களுக்குக் கல்வி உளவியல் என்று ஒரு தாள் இருந்தது. பாவ்லோவின் நாய், தார்ன்டைக்கின் பூனை, மாஸ்லோவின் பிரமிடு. விழுந்து விழுந்து படித்து எழுதினோம், பாஸானோம். ஐம்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்று அந்த நாயும் சொல்லவில்லை, பூனையும் சொல்லவில்லை. வேலைக்கு வந்த பிறகு தேடிப் படித்ததில்தான் தெரிந்தது, வகுப்பறைக்கு நேரடியாகப் பயன்படும் ஆராய்ச்சி எவ்வளவோ இருக்கிறது, அது எங்கள் தாளில் மட்டும்தான் இல்லை என்று.

அதில் மிக உறுதியானது ஸ்லிப் டெஸ்ட்டுக்கு ஆதரவானது. படித்ததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் மனதில் நிற்கும். 1917இலேயே ஆர்தர் கேட்ஸ் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்துக் காட்டினார். 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் செய்த சோதனை இன்னும் தெளிவானது. மாணவர்களுக்குக் கடல் நீர்நாய், சூரியன் போன்ற தலைப்புகளில் சிறு பத்திகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு அமர்வுகளிலும் பத்தியைப் படித்தது. இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் படித்தது. மீதி மூன்றிலும் பத்தியைப் பார்க்காமல், ஞாபகம் இருந்ததை வெற்றுத்தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறையும் படித்தவர்களே முன்னிலை: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு தலைகீழ். படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61.

நம் ஸ்டடி ஹவர் முழுக்க அந்த 83ஐ நம்பித்தான் நடக்கிறது. சாயங்காலம் வராண்டாவில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்த பிள்ளை, அன்றைக்கே கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கும். நமக்கும் திருப்தி, பிள்ளைக்கும் திருப்தி. பொதுத்தேர்வு ஐந்து நிமிடம் கழித்தா வருகிறது?

இல்லினாய் மாநிலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இதையே சாதாரண வகுப்பில் வைத்துப் பார்த்தார்கள். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் சில பகுதிகளுக்கு மட்டும் சிறு வினாக்கள் கேட்டுவிட்டு, மற்றவற்றை வழக்கம்போல நடத்தினார்கள். யூனிட் தேர்வில் வினா கேட்ட பகுதிகளில் சராசரி 92 சதவீதம், கேட்காதவற்றில் 79. 2011இல் வெளியான ஆய்வு. ஆனால் அந்தச் சிறு வினாக்கள் நடந்த விதத்தைக் கவனியுங்கள். அவற்றில் மதிப்பெண் பயம் இல்லை. எழுதிய உடனேயே சரியான விடையைக் காட்டிவிட்டார்கள். இப்படி நடத்தப்பட்ட வகுப்புகளில் 1,400க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், 72 சதவீதம் பேர் தேர்வு பயம் குறைந்ததாகச் சொன்னார்கள். அடிக்கடி டெஸ்ட் எழுதியதால் பயம் குறைந்தது என்கிறார்கள் ஐயா. நம் பள்ளியில் ஏன் கூடுகிறது?

சுற்றறிக்கைக்கு முன்பும் நான் என் வகுப்பில் ஸ்லிப் டெஸ்ட் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். கால் தாள், மூன்று கேள்வி, பேர்கூட எழுத வேண்டாம். ஒரு நாள் “செடிகள் எப்போது சுவாசிக்கின்றன?” என்று கேட்டேன். பாதி வகுப்பு “இரவில் மட்டும்” என்று எழுதியிருந்தது. பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று ஷிஃப்ட் பிரித்து வைத்திருக்கிறார்கள். தறி ஓடும் ஊர்ப் பிள்ளைகள், ஷிஃப்ட் அவர்களுக்குப் பழக்கம்தானே. இது அபத்தமான தப்பு இல்லை. யோசித்து எழுதிய தப்பு. அதைப் பார்த்ததால்தான் மறுநாள் நான் எங்கே தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பகலிலும் செடி சுவாசித்துக்கொண்டேதான் இருக்கிறது, ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை என்று ஒரு பீரியட் முழுக்கப் பேசினோம்.

இப்போது மதிப்பெண் குரூப்புக்குப் போகிறது. அதே வகுப்பில் தாள்களை வாங்கிப் பார்க்கிறேன். எல்லோரும் புத்தக வரியை எழுதியிருக்கிறார்கள். ஜன்னலோர பெஞ்சில் முதல் பையன் ‘இலைத்துளை’யை ‘இழைத்துளை’ என்று எழுதியிருக்கிறான். அதற்குப் பின்னால் அந்த வரிசை முழுக்க ‘இழைத்துளை’தான். குரூப்பில் மதிப்பெண் நன்றாகத்தான் இருந்தது, நீங்களும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தீர்கள். அந்த வரிசையில் யாருக்கு என்ன தெரியும், யாருக்கு எது புரியவில்லை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். இரவு எட்டு மணிக்கு அப்பாவின் போனில் தன் பேர் எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றால், தெரியாததைத் தெரியாது என்று எழுத எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? அந்தக் குரூப்பில் பெரியப்பா இருக்கிறார், எதிர்வீட்டு அக்கா இருக்கிறார். கடைசி ஐந்து பேரில் ஒரு மாணவி இப்போது செவ்வாய், வியாழன் வருவதில்லை. அந்த நாட்களில்தான் அவளுக்கு வராத கணக்கு டெஸ்ட். வீட்டில் கேட்டால் வயிற்றுவலி என்கிறார்கள்.

மதிப்பெண் போட்டால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். இஸ்ரேலில் ரூத் பட்லர் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்கு எங்கே சரி, எங்கே தப்பு என்ற குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கொடுத்தார். 1988இல் வெளியான முடிவு: குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்குத்தான் ஆர்வமும் செயல்பாடும் உயர்ந்தன. இரண்டையும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். மதிப்பெண் பக்கத்தில் இருந்தால் குறிப்பை யாரும் படிப்பதில்லை. விடைத்தாள் கொடுக்கும் நாளில் எந்த வகுப்புக்குள் போய்ப் பார்த்தாலும் இது தெரியும்: பக்கத்திலிருப்பவன் எவ்வளவு என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். 1996இல் குளூகரும் டெனிசியும் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் திரட்டிப் பார்த்ததில், ‘நீ எப்படிச் செய்தாய்’ என்று சொல்வது பெரும்பாலும் உதவினாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தருணங்களில் செயல்பாட்டைக் குறைத்துவிட்டது என்று கண்டார்கள். கவனம் பாடத்தைவிட்டு ‘நான் யார், எனக்கு என்ன மரியாதை’ என்று திரும்பும்போது அப்படி ஆகிறது என்பது அவர்கள் விளக்கம். ரேங்க் பட்டியல் திருப்புவது அங்கேதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2017இல் தமிழ்நாடு அரசே பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. வருடத்துக்கு ஒரு முறை வந்த பட்டியலே பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று அரசு விட்டுவிட்டது. நாம் அதைத் தினசரி ஆக்கியிருக்கிறோம்.

எங்கள் நேரம் எங்கே போகிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஐம்பத்திரண்டு தாள் திருத்தி, எக்செல்லில் ஏற்றி, வரிசைப்படுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து எட்டு மணிக்குள் போட வேண்டும். டிக் அடிக்கத்தான் நேரம் இருக்கிறது. படிக்க நேரம் இல்லை. மறுநாள் அந்தத் தப்பைப் பற்றிப் பேசவும் நேரம் இல்லை, அடுத்த டெஸ்ட் வந்துவிடுகிறது. சரியான விடையை உடனே சொல்லாத டெஸ்ட்டில், தப்பாக எழுதியதே பிள்ளையின் மனதில் ஊறிப்போகும் ஆபத்தும் உண்டு.

இம்போசிஷனுக்கு வருகிறேன். பத்து தடவை எழுதினால் மனதில் பதியும் என்று நினைக்கிறீர்கள். அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து பாருங்கள். ஓம் விதியைப் பத்து தடவை எழுதச் சொன்னால், ‘மாறா’ என்ற சொல்லை மேலிருந்து கீழாகப் பத்து தடவை எழுதுவார்கள். பிறகு அதன் பக்கத்தில் ‘வெப்பநிலையில்’ பத்து தடவை. இரண்டு பேனாவை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஒரே நேரத்தில் இரண்டு வரி எழுதும் திறமைசாலிகளும் உண்டு. அந்த வாக்கியம் முழுதாக ஒரு முறைகூட அவர்கள் மனதுக்குள் போவதில்லை. கை வலிக்கிறது, அவ்வளவுதான். அதே விதியை இன்று ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, அடுத்த மாதம் ஒரு முறை பார்க்காமல் எழுதச் சொன்னால் போதும். இப்படி இடைவெளி விட்டுப் படிப்பதன் பலனை எபிங்ஹாஸ் 1885இல் தன்னையே சோதனைப் பொருளாக வைத்து எழுதிவிட்டார். 2013இல் டன்லோஸ்கியும் குழுவினரும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, தன்னைத் தானே சோதிப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது ஆகிய இரண்டுக்கு மட்டும்தான் உயர்ந்த மதிப்பீடு கொடுத்தார்கள். கோடு போட்டுப் படிப்பது, திரும்பத் திரும்ப வாசிப்பது எல்லாம் கடைசியில்.

ஸ்லிப் டெஸ்ட்டில் அன்றைய பாடத்தை மட்டுமே கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அங்கேயும் நாம் ஏமாறுகிறோம். மின்தடைகளின் தொடரிணைப்பு நடத்திய அன்று தொடரிணைப்புக் கணக்கு மட்டும் கொடுத்தால் வகுப்பே சரியாகப் போடும். 6 ஓம், 3 ஓம், கூட்டினால் 9. மறுநாள் பக்க இணைப்பு, அன்றைக்கும் எல்லோருக்கும் முழு மதிப்பெண். காலாண்டுத் தேர்வில் பக்க இணைப்பில் அதே 6 ஓமும் 3 ஓமும் வந்தன. அங்கே நேராகக் கூட்டக் கூடாது, விடை 2 ஓம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே 9 என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியும். எந்தக் கணக்கு என்று கண்டுபிடிக்கும் பழக்கம்தான் இல்லை, ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்கும் வேலையை நாம் கொடுத்ததே இல்லை. ஃபுளோரிடாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே கணக்குகளை, சிலருக்கு வகை வகையாகத் தொகுத்தும் சிலருக்குக் கலந்தும் கொடுத்துப் பார்த்தார் ரோரர். ஒரு மாதம் கழித்து வைத்த தேர்வில், தொகுத்துப் படித்தவர்கள் 42 சதவீதம், கலந்து படித்தவர்கள் 74. 2015இல் வந்தது இந்த ஆய்வு. வேண்டியது அதே கணக்குகளின் வரிசையை மாற்றுவது மட்டும்தான்.

‘சி’ செக்‌ஷனைப் பற்றிச் சொல்லும்போது நியாயமாக இருக்க வேண்டும். பிள்ளைகளை அவர்கள் இருக்கும் நிலைக்கு ஏற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது எப்போதும் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பல மாநிலங்களில் செய்தது அதுதான். 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் அதை ஆராய்ந்து, பலன் இருக்கிறது என்று காட்டினார்கள். நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் அந்த வழிதான். ஆனால் பிரதம் முறையில் நாளில் ஓரிரு மணி நேரம்தான் பிரிக்கிறார்கள். வாசிக்கத் தெரியாதவனுக்கு வாசிப்பு, கழிக்கத் தெரியாதவனுக்குக் கழித்தல். தெரிந்துகொண்டதும் அவன் அடுத்த குழுவுக்குப் போய்விடுவான். பிள்ளை முன்னேறுவதற்காகப் பிரிக்கிறார்கள். நாம் பிரித்திருப்பது பிள்ளையை அங்கேயே விட்டுவைப்பதற்கு. முப்பத்தைந்துக்கு வேண்டிய கேள்விகளை மட்டும் படி, மீதிப் புத்தகம் உனக்கில்லை என்று பதினான்கு வயதில் சொல்லிவிட்டால், அங்கிருந்து மேலே வர எந்த வழியும் சுற்றறிக்கையில் இல்லை. ‘சி’ செக்‌ஷன் பிள்ளைகள் எங்களைப் பார்த்து, “நாங்க சி தானே மிஸ், இது எங்களுக்கு வேணுமா?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சுற்றறிக்கை வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன.

“போட்டி இருந்தால்தான் படிப்பான், பக்கத்துப் பள்ளி நூற்றுக்கு நூறு ரிசல்ட் காட்டுகிறது” என்று கூட்டத்தில் சொன்னீர்கள். ரிசல்ட் எனக்கும் வேண்டும். அதற்குத்தான் இத்தனை எழுதுகிறேன். முதல் பத்துப் பேருக்குப் போட்டி பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் எப்படியும் படித்துவிடுவார்கள். நம் ரிசல்ட்டைத் தீர்மானிப்பது கடைசி மூன்று பெஞ்ச். அங்கே இப்போது நடப்பது போட்டி இல்லை, ஒளிந்துகொள்வது.

அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சி நமக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம். அங்கே வகுப்பு சிறியது, வசதி அதிகம், உண்மைதான். அதனால்தான் காசு கேட்காத விஷயங்களை மட்டும் எடுத்துச் சொன்னேன். போன வருடம் ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தீர்கள். பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து வண்ண அட்டை ஒட்டச் சொன்னார். அதற்கு ஒரு நாள் முழுக்க வகுப்பில்லை. அப்படிப் பிரித்து நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பாஷ்லரும் மற்ற உளவியலாளர்களும் 2008இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். ஆராய்ச்சி என்ற பேரில் வருவது எல்லாம் ஆராய்ச்சி ஆகாது.

என் கோரிக்கைகள் இவை.

வரும் திங்கள் முதல் எந்த வகுப்பு மதிப்பெண்ணும் வாட்ஸாப் குரூப்பில் போகக் கூடாது. இதுவரை போட்ட பட்டியல்களை அழிக்கச் சொல்லி அட்மின்களுக்கு உத்தரவிடுங்கள். பிள்ளையின் நிலையைத் தெரிந்துகொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அதை மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பெற்றோரிடம் மட்டும் தனியாகச் சொல்கிறோம்.

ஸ்லிப் டெஸ்ட் தினமும் தொடரட்டும், மதிப்பெண் இல்லாமல். எழுதிய அதே பீரியடில் விடையைச் சொல்ல, பிள்ளை தானே வேறு நிற மையில் திருத்திக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுங்கள். ஐந்து கேள்வி என்றால் இரண்டு அன்றைய பாடத்திலிருந்து, மூன்று ஜூன் மாதத்திலிருந்து இதுவரை நடத்திய எதிலிருந்தும் கலந்து வரலாம் என்று சுற்றறிக்கையைத் திருத்துங்கள்.

இம்போசிஷனை எழுத்துமூலம் தடை செய்யுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த வாரமே திரும்பி வந்துவிடும்.

‘சி’ செக்‌ஷனைக் கலைத்துப் பிள்ளைகளைப் பழைய வகுப்புகளுக்கே அனுப்புங்கள். அதற்குப் பதில் கடைசி பீரியடை எங்களிடம் கொடுங்கள். யாருக்கு எது வரவில்லையோ அதற்கு மட்டும் சேர்த்து உட்கார வைக்கிறோம், வந்ததும் அனுப்பிவிடுகிறோம். அடுத்து எந்தப் பயிற்சியாளரை அழைத்தாலும், அவர் சொல்லும் முறைக்கு என்ன ஆதாரம் என்று எங்களில் இரண்டு பேரைக் கேட்க விடுங்கள்.

இதில் எதையும் உடனே நம்ப வேண்டாம் என்றால், ஒன்பதாம் வகுப்பின் இரண்டு செக்‌ஷன்களை எடுத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு வரை ஒன்றில் இப்போது நடப்பதுபோல டெஸ்ட் வைத்து, மதிப்பெண்ணை மட்டும் அந்தந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். இன்னொன்றை நான் சொன்னபடி நடத்துங்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் நாள், முன்கூட்டிச் சொல்லாமல், காலாண்டுப் பாடத்திலிருந்து ஒரு தேர்வு வையுங்கள். கேள்வித்தாளை வேறு பள்ளி ஆசிரியரை வைத்துத் தயாரிக்கலாம், தாள்களை நீங்களே திருத்த ஏற்பாடு செய்யலாம். இரண்டே செக்‌ஷனை வைத்து ஆராய்ச்சி முடிவு எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று நீங்கள் பல முறை சொல்லியிருக்கிறீர்கள்.

அரையாண்டுத் தேர்வு அட்டவணை ஒட்டும் முன் எழுத்துமூலம் பதில் தர வேண்டுகிறேன். அதற்கு முன் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச எனக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அன்று இரண்டு வகுப்புகளின் ஸ்லிப்களைக் கொண்டு வருகிறேன், சுற்றறிக்கைக்கு முந்தியவையும் பிந்தியவையும். பேர் இல்லாமல்தான் காட்டுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை